யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன்

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. பாதிப் பிள்ளைகள் வரவில்லை.

என் அறைக் கதவில் 'செல்வி, மாணவர் ஆலோசகர்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் எல்லோர் வாயிலும் கவுன்சிலர்தான். இன்று ஓர் அம்மா வந்து, தெருவில் சாக்கடை அடைத்து நிற்பதைப் பத்து நிமிடம் சொன்னார். நான் வார்டு கவுன்சிலர் இல்லை, பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்க ஓர் அறக்கட்டளை ஜூன் மாதம் இங்கே அனுப்பிய ஆள் என்றேன். "பிள்ளையளுக்கு என்ன மனக்கஷ்டம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

இது முன்பு ஆய்வகச் சாமான் அறை. சத்துணவு முட்டை அட்டைகளை இன்னும் இங்கேதான் அடுக்குகிறார்கள். பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும்போது ஆயா உள்ளே வந்து முட்டை எண்ணுவார்.

அறக்கட்டளையின் ஒருங்கிணைப்பாளர் கற்பகம் மேடம் போன் செய்தார். டிசம்பரில் ஆய்வுக்கு வருவார்களாம். பெயர், வகுப்பு, பிரச்சினை, எடுத்த நடவடிக்கை என்று நான்கு கட்டம் போட்ட படிவம். பதினைந்து பேராவது இருக்க வேண்டும் என்றார். என்னிடம் எட்டுப் பேர் இருக்கிறார்கள். எல்லாம் நகம் கடிப்பதும் பென்சில் சண்டையும். இதை வைத்துக்கொண்டு அடுத்த வருடத்துக்கு என்னை எடுப்பார்களா?

நவம்பர் 6, புதன்

ஏழாம் வகுப்பு பி பிரிவிலிருந்து சந்தனமாரி வயிற்றுவலி என்று வந்தாள். இது நான்காவது தடவை. ஒவ்வொரு தடவையும் தமிழ் வகுப்பில்தான் வலி வருகிறது. லூர்துமேரி டீச்சர் சலித்துப்போய் என்னிடம் அனுப்பிவிடுகிறார்.

வலி இருக்கும் பிள்ளை மாதிரித் தெரியவில்லை. உட்கார்ந்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள். என்ன பேச்சு! குழந்தைகள் தின விழாவில் மேடையில் பேச அவளைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பேச்சு எழுதிய தாளை நீட்டி, "கண்ணு வலிக்கு டீச்சர், நீங்க ஒரு வாட்டி வாசிங்களேன்" என்றாள். வாசித்தேன். தாளைத் திருப்பிப் பார்க்காமல் முழுவதையும் சொன்னாள். 'நாட்டின்' என்ற சொல்லை நான் தவறுதலாக இரண்டு முறை வாசித்திருந்தேன். அவளும் இரண்டு முறை சொன்னாள்.

அது மனசில் முள் மாதிரி நின்றுவிட்டது. பஸ்ஸில் வரும்போதும் அதையே நினைத்துக்கொண்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப்போய் நடந்து வந்தேன்.

நவம்பர் 7, வியாழன்

இன்று நானே அவளைக் கூப்பிட்டேன். ஒரு சிறு கதைப் புத்தகத்தைக் கொடுத்து முதல் வரியை வாசிக்கச் சொன்னேன். படத்தைப் பார்த்து ஒரு கதையைச் சொன்னாள். நல்ல கதை. ஆனால் புத்தகத்தில் இருந்தது அது இல்லை.

அவள் விரல் புத்தகத்தின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. பிறகு, "எழுத்து நிக்காது டீச்சர்" என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு எழுத்தைப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போனால் முதலாவது மறந்துவிடும். அடுத்தது முன்னால் வந்துவிடும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான். மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்துவிடுவாள். பரீட்சையில் பக்கத்தில் இருப்பவள் தாளைப் பார்த்து, "கோலம் போடுத மாதிரி பாத்துப் பாத்துப் போட்டிருவேன்." இத்தனை வருடமும் ஒருவருக்கும் தெரியாது.

"நீங்களும் யார்ட்டயும் சொல்லக் கூடாது டீச்சர்."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன்.

"அம்மாட்டயும்?"

அம்மாவிடமும் என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனாள்.

அறிவில் குறை எதுவும் இல்லாமலே சில பிள்ளைகளுக்கு இப்படி இருக்கும் என்று படித்திருக்கிறேன். முறையாகச் சொல்லிக்கொடுத்தால் வாசிக்க வைக்கலாம். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருக்கிறார். விசாரிக்க வேண்டும்.

நவம்பர் 8, வெள்ளி

மழை. முட்டை அட்டை மேல் ஒழுகியதால் மேசையை நகர்த்தினேன். மேசைக்கு ஒரு கால் குட்டை.

மதியம் எச்.எம். ஆறுமுகநயினார் சார் தன் அறைக்கு அழைத்து டீ கொடுத்தார். இந்த வேலையால் பள்ளிக்கு என்ன பிரயோசனம் என்று நிர்வாகக் குழுவில் கேட்கிறார்களாம். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல மனிதர்.

வள மையத்துக்குப் போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை.

நவம்பர் 11, திங்கள்

படிவத்தில் ஒன்பதாவது வரி நிரம்பிவிட்டது. வள மையத்துக்கு மறுபடி போன் செய்ய மறந்துவிட்டேன்.

நவம்பர் 12, செவ்வாய்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மூன்றாவது பீரியட், ஏழாம் வகுப்பு பி. லூர்துமேரி டீச்சர் சந்தனமாரியை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். வயிற்றுவலி என்றிருக்கிறாள். இன்றைக்கு அந்தக் கதை வேண்டாம், வாசி என்றிருக்கிறார். மனப்பாடமாகத் தெரிந்த பாடத்தைச் சொல்லத் தொடங்கியதும், டீச்சர் புத்தகத்தை வாங்கி, இதுவரை நடத்தாத ஒரு பாடத்தைத் திருப்பிக் கையில் கொடுத்திருக்கிறார். முழு பீரியடும் அவள் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நாற்பது பிள்ளைகள். முதலில் சிரிப்பு, பிறகு சிரிப்பும் இல்லை. பக்கத்தில் உட்காருகிற அனுசுயாதான் ஓடிவந்து என்னிடம் சொன்னாள்.

நான் போவதற்குள் மணி அடித்துவிட்டது. வராந்தாவில் எதிரே வந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்தாள், தாண்டிப் போனாள்.

லூர்துமேரி டீச்சருக்கு எப்படித் தெரிந்தது? பிள்ளைகளில் யாராவது சொல்லியிருக்கலாம். அனுசுயாவுக்கே சந்தேகம் இருந்திருக்கும். இருபத்தாறு வருட ஆசிரியை, தானாகவே கண்டுபிடித்தும் இருக்கலாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து அலமாரியை முழுவதும் காலிசெய்து அடுக்கினேன். பிடிக்காமல் மறுபடி காலிசெய்தேன்.

நவம்பர் 13, புதன்

சந்தனமாரி வரவில்லை.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். வண்ணத்தாள் தோரணம், ஆளுக்கு ஒரு லட்டு. சந்தனமாரிக்குப் பதில் எட்டாம் வகுப்பு மாணவி தாளைப் பார்த்து வாசித்தாள். மைக் இரண்டு முறை நின்றது. என்னால் உட்கார முடியவில்லை. லட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு நானே வரிசை வரிசையாகப் போனேன். ஏழாம் வகுப்பு பி வரிசையில் ஒரு லட்டு மிஞ்சியது.

நவம்பர் 15, வெள்ளி

மாலை அவள் வீட்டுக்குப் போனேன். ரயில்வே கேட்டைத் தாண்டி மூன்றாவது சந்து. அவள் அம்மா பாக்கியம் தீப்பெட்டி ஆலையில் பண்டல் கட்டும் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். அப்பா இல்லை, ஐந்து வருடத்துக்கு முன் இறந்துவிட்டாராம். எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகள் கதவுக்குப் பின்னால் உள் அறையில் இருந்தாள். வெளியே வரவில்லை.

பாக்கியத்துக்கு விஷயமே தெரியவில்லை. மகளுக்குக் கண்வலி, இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்கிறாள், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். திருப்பூரில் அவர் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம். பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்களாம். "நானே போறேன்னு அவதான் சொல்லுதா டீச்சர். ஞாயித்துக்கிழம வண்டி ஏத்தி விடணும். ஒரு வருசம் கழிச்சுப் படிக்கட்டும்னு நெனைக்கேன்."

ஒரு வருடம் கழித்து எந்தப் பிள்ளை திரும்பி வந்திருக்கிறது?

வகுப்பில் ஒரு சின்ன மனவருத்தம், அதனால்தான் என்று சுற்றிவளைத்துச் சொன்னேன். அவள் என்னிடம் சொன்ன ஒன்று வெளியே போய்விட்டது, யார் சொன்னார்கள் என்று விசாரிக்கிறேன் என்றேன்.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "டீச்சர் விசாரிக்க வேண்டாம்."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பாக்கியம் என்னைப் பார்த்தார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது.

நவம்பர் 16, சனி

என் கணவர் சுயம்பு மின்வாரியத்தில் லைன்மேன். காலையில் கம்பத்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் நடந்தது, திருப்பூர், கதவுக்குப் பின்னாலிருந்து வந்த குரல். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"அந்தப் பிள்ளை ஒன்னத் தவிர வேற யார்ட்டச் சொல்லிருக்கு?"

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

நான்தான் சொன்னேன்.

எட்டாம் தேதி, எச்.எம். அறையில், டீ குடித்துக்கொண்டு. உங்களால் என்ன பிரயோசனம் என்று கேட்டபோது வாய் முந்திக்கொண்டது. ஆறு வருடமாக ஒருவரும் கண்டுபிடிக்காததை நான் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தேன் என்று சொன்னேன். யார் என்று கேட்டார். பெயரையும் சொன்னேன். வகுப்பையும் சொன்னேன். அவர் வியந்துபோய், "அப்படியா!" என்றார். அது எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் இரண்டு விஷயம் சேர்த்துச் சொன்னேன், கோலம் போடுவது மாதிரி எழுதுவாளாம் என்று. திங்கட்கிழமை அதையே படிவத்திலும் எழுதினேன். நடவடிக்கை என்ற கட்டத்தில் 'தலைமை ஆசிரியர் கவனத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது' என்று போட்டேன்.

இந்த நோட்டில்கூட எட்டு நாளாக இதை எழுதவில்லை. என்னைத் தவிர இதை யார் வாசிக்கப் போகிறார்கள்?

அதே நாள், மாலை

இரண்டு மணிக்கு மறுபடி அவள் வீட்டுக்குப் போனேன்.

சந்தனமாரி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பினாள். அங்கேயே நின்று சொன்னேன், நான்தான் எச்.எம். சாரிடம் சொன்னேன் என்று. கையில் ஈரத் துணியோடு நின்றாள்.

"எச்.எம். சார்ட்ட மட்டுந்தானா?"

"ஒரு தாளிலும் எழுதியிருக்கேன். அது இன்னும் என்கிட்டதான் இருக்கு."

"ஏன் டீச்சர்?"

உனக்கு உதவி கிடைக்கத்தான் என்று தொடங்கினேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அதை முடிக்க முடியவில்லை. என்னை வேலையில் வைத்துக்கொள்வார்களா என்று பயமாக இருந்தது, நான் நல்லா வேலை செய்கிறேன் என்று காட்ட ஆசைப்பட்டேன் என்றேன்.

"அதுக்கு எம் பேரத்தான் சொல்லணுமா?"

தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

பாக்கியம் இதற்குள் வெளியே வந்துவிட்டார். என்ன விஷயம், என்னத்தை எழுதினீர்கள் என்று என்னைக் கேட்டார். நான் சந்தனமாரியைப் பார்த்தேன். இந்த முறை நான் சொல்வதாக இல்லை. அவளே சொன்னாள். "எனக்கு வாசிக்கத் தெரியாதும்மா."

பாக்கியம் முதலில் நம்பவில்லை. "போன வருசம் ஆஸ்பத்திரிச் சீட்ட வாசிச்சுச் சொன்னியேட்டி, காலையில ஒன்னு ராத்திரி ரெண்டுன்னு."

"மருந்துக்கடை அண்ணன்ட்டக் கேட்டு வந்து சொன்னேன்."

"மகளிர் குழுவில குடுத்த நோட்டீசு?"

"அனுசுயாட்டக் கேட்டேன்."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார், அடிப்பார் என்று நினைத்து நான் ஓர் அடி முன்னால் போனேன். அவர் மகளைப் பார்த்து, "இத்தன வருசமா ஒத்தையில எப்படிட்டி சமாளிச்ச?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் அந்தப் பிள்ளை அழுதது. செவ்வாய்க்கிழமையிலிருந்து தேக்கிவைத்த அழுகை. அம்மாவும் மகளும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஈரத் துணிகளை நான் கொடியில் போட்டேன்.

கிளம்பும்போது வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பற்றிச் சொன்னேன். வாசிக்கப் பழகலாம், நாளாகும், ஆனால் முடியும் என்றேன். சந்தனமாரி என் பக்கம் திரும்பவில்லை. நாளை திருப்பூர் போவதாகத்தான் அவள் சொன்னாள்.

நவம்பர் 17, ஞாயிறு

பஸ் நிலையத்துக்குப் போகலாமா என்று காலையிலிருந்து நாலு தடவை செருப்பை மாட்டிக் கழற்றினேன். நான் போய் நின்றால் அது இன்னொரு தொந்தரவு. போகவில்லை. இரண்டு முறை மாவாட்டினேன். எதற்கு இவ்வளவு மாவு என்று சுயம்பு கேட்டார்.

நவம்பர் 18, திங்கள்

காலை பிரேயர் முடிந்ததும் ஏழாம் வகுப்பு பி வரிசையைப் பார்த்தேன். அவள் இல்லை.

இடைவேளையில் எச்.எம். அறையில் லூர்துமேரி டீச்சரையும் வைத்துக்கொண்டு பேசினேன். அந்தப் பிள்ளை நம்பிச் சொன்னதை நான் சொல்லியிருக்கக் கூடாது, அதனால்தான் இவ்வளவும் என்றேன். எச்.எம். சாருக்குச் சங்கடமாகிவிட்டது. நல்ல எண்ணத்தில்தான் லூர்துமேரியிடம் சொன்னேன், இதைப் பெரிதாக்காதீர்கள் என்றார்.

லூர்துமேரி டீச்சர்தான் நான் எதிர்பார்க்காதபடி பேசினார். அவரிடம் எச்.எம். சொன்னதெல்லாம் அந்தப் பிள்ளை பார்த்து எழுதுகிறாள் என்பதுதானாம். ஏமாற்றுகிறாள் என்ற கோபத்தில் நிற்கவைத்தாராம். "பாதியிலயே தெரிஞ்சுபோச்சு செல்வி, இவளுக்கு நெசமாவே முடியலன்னு. உக்காருன்னு சொல்லிருக்கணும். நாப்பது பிள்ளைக முன்னால என் கௌரவம் என்னாகுறதுன்னு விட்டுட்டேன்." கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறு பேர் கையைத் தாண்டி வந்திருக்கிறாள், ஏழாவது நான் என்றார்.

இந்த அரையாண்டுத் தேர்வில் அவளுக்கு மட்டும் கேள்விகளை வாசித்துக்காட்டி, வாய்வழியாகப் பதில் கேட்கலாமா என்று கேட்டேன். எச்.எம். தயங்கினார். நானே உட்கார்ந்து கேட்கிறேன் என்று லூர்துமேரி டீச்சர் சொன்ன பிறகு சரி என்றார்.

அவள் ஊரில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாமல் இவ்வளவும் பேசி முடித்தோம்.

நவம்பர் 19, செவ்வாய்

வந்துவிட்டாள்.

அம்மாவும் கூட வந்திருந்தார், அரை நாள் லீவு போட்டு. ஞாயிற்றுக்கிழமை பையெல்லாம் கட்டிவிட்டார்களாம். பஸ் நிலையத்தில் திருப்பூர் வண்டி எது என்று பாக்கியம் மகளிடம் கேட்டிருக்கிறார், பழக்கத்தில். அவள் வழக்கம்போல யாரையோ கேட்கத் திரும்பியிருக்கிறாள். பாக்கியம் அவள் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். "வழியில தொலஞ்சா போர்டு பாத்து வரத் தெரியாத பிள்ளைய எப்படி டீச்சர் அனுப்ப? வாசிக்கப் படிச்சிட்டு எங்க வேணா போகட்டும்."

லூர்துமேரி டீச்சர் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அன்று தான் செய்தது தப்பு என்றாராம். சந்தனமாரிக்கு அதுவும் பிடிக்கவில்லை, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள் என்று அனுசுயா சொன்னாள். என்னிடம் வந்து சொன்னவள் அனுசுயாதான். சந்தனமாரி என் அறைப் பக்கம் வரவில்லை.

நவம்பர் 28, வியாழன்

சிறப்பாசிரியர் கலைவாணன் வந்து அவளைச் சோதித்தார். அறிவில் குறை ஒன்றும் இல்லை, எழுத்தைப் பிடித்துக்கொள்வதில்தான் சிக்கல் என்று சொன்னார். செவ்வாயும் வெள்ளியும் அவளுக்குத் தனியாகச் சொல்லித்தருவார். மணலில் எழுத்தை வரையவைத்து, ஒவ்வொன்றாக.

நான் வெளியே நின்றேன். சோதனை முடிந்து வந்தவள் என்னைப் பார்த்து, "வணக்கம் டீச்சர்" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் எல்லா ஆசிரியருக்கும் சொல்கிற வணக்கம். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

டிசம்பர் 10, செவ்வாய்

கற்பகம் மேடம் ஆய்வுக்கு வந்தார். புதுப் படிவம் கொடுத்தேன். வகுப்பும் எண்ணிக்கையும் மட்டும் எழுதியிருந்தேன், பெயர் இல்லை. பழைய தாள்களைக் கிழித்துவிட்டேன் என்றேன். ஏன் என்றார். நடந்ததைச் சொன்னேன், அவள் பெயரைச் சொல்லாமல். அவர் நெடுநேரம் எழுதிக்கொண்டிருந்தார். ஏப்ரல் வரை இருங்கள், அதற்குப் பிறகு மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார். ஏப்ரலில் என்ன சொல்வார்கள் என்பது அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

டிசம்பர் 16, திங்கள்

அரையாண்டுத் தேர்வு. வராந்தாவின் கடைசியில் இரண்டு நாற்காலி. லூர்துமேரி டீச்சர் கேள்வியை வாசிக்கிறார், சந்தனமாரி சொல்கிறாள். அவள் சொன்ன ஒரு பதிலுக்கு டீச்சரே அடக்கமாட்டாமல் சிரித்தார். தூணுக்கு இந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் கேட்டேன். பிறகு எனக்கு அங்கே என்ன வேலை என்று வந்துவிட்டேன்.

டிசம்பர் 19, வியாழன்

இன்று மதியம் கதவைத் தட்டாமல் சந்தனமாரி உள்ளே வந்தாள். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது அந்தப் பிள்ளைக்கு. ஆயா முட்டை எண்ணிக்கொண்டிருந்தார். நான் சொல்வதற்கு முன் சந்தனமாரியே அவரைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னாள்.

அந்தப் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு என்னைக் காட்டி அவளிடம் சொன்னாள்.

"சொல்லு. ஆனா சொல்லுததுக்கு முன்னால, யார்ட்டச் சொல்லுவீங்கன்னு டீச்சர்ட்ட மொதல்ல கேட்டுக்கோ."

அந்தப் பிள்ளை கேட்டது. உனக்கு ஆபத்து என்றால் மட்டும்தான் வேறொருவரிடம் சொல்வேன், அப்போதும் யாரிடம் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவேன் என்றேன். சந்தனமாரி கதவருகே நின்று அதைக் கேட்டாள். ஒரு சொல்லையும் விடாமல் அவளால் நாளைக்குத் திருப்பிச் சொல்ல முடியும். பிறகு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.

ஒரு மணி நேரம் பேசினோம். அந்தப் பிள்ளையின் பெயரையும் அவள் சொன்னதையும் இங்கே எழுதப்போவதில்லை.